சர்வேயர் மீட்டரில், ஆர்க்கிடெக்ட் அடியில்: இரண்டு வரைபடத்தையும் எந்த வழியில் சேர்ப்பது?

மனை கீழக்கரைப் பக்கம். உரிமையாளர் துபாயில், ஆர்க்கிடெக்ட் மதுரையில், சர்வேயர் ராமநாதபுரத்தில். சர்வேயர் டிஜிபிஎஸ் (துல்லியமான ஜிபிஎஸ் கருவி) வைத்து அளந்து ஒரு ஆட்டோகேட் (கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் மென்பொருள்) ஃபைல் அனுப்புகிறார், அதில் எல்லாம் மீட்டர். ஆர்க்கிடெக்ட் வீட்டை அடி-அங்குலத்தில் வரைந்து அனுப்புகிறார். நடுவில் உட்கார்ந்திருப்பவர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், 18.288 மீட்டர், அதாவது 60 அடி, இருக்க வேண்டிய பக்கம் 1 அடி 6¼ அங்குலம் என்று காட்டுகிறது.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கடற்கரையில் வேலை செய்கிற யாருக்கும் இது புதிதில்லை. பத்திரத்தில் ஜாதியடி, பட்டாவில் ஹெக்டேர்-ஏர், அனுமதி வாங்கப் போனால் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி எல்லாம் மீட்டர், சைட்டில் மேஸ்திரி கையில் இருக்கும் டேப்பில் அவர் பார்ப்பது அடி பக்கம் மட்டும். ஒரு அலகை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று யாராலும் முடிவெடுக்க முடியாது. போன மாதம் மட்டும் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: பெருக்கிவிடலாமா, எக்ஸ்ரெஃப் (ஃபைலைத் தொடாமல் வெளிக்கோப்பாக இணைப்பது) போடலாமா, இல்லை சர்வேயரிடமே திருப்பிக் கேட்கலாமா? அவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

## அலகு வேறு, விகிதம் வேறு

வழிகளுக்குள் போகும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "ஃபைல் எந்த ஸ்கேலில் இருக்கிறது, 1:100-ஆ?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கம்ப்யூட்டரில் மாடல் பகுதியில் இருக்கும் படத்துக்கு விகிதம் என்று ஒன்று கிடையாது. அங்கே மனை முழு அளவில்தான் இருக்கிறது, ஒரு யூனிட் என்பது மீட்டரா, மில்லிமீட்டரா, அங்குலமா என்பது மட்டும்தான் கேள்வி. 1:100, 1:200 எல்லாம் காகிதத்தில் அச்சிடும்போது வருவது.

இது தெரியாததால் நடக்கும் தப்பு என்னவென்றால், ஒரு படம் மற்றதைவிட 4 சதவீதம் பெரிதாகவோ சிறிதாகவோ தெரிந்தால் உடனே அலகு தப்பு என்று நினைத்து எதையோ பெருக்குவார்கள். 4 சதவீதம் எந்த அலகு மாற்றத்திலும் வராது. பழைய பிளான்களில் ஒரு அங்குலத்துக்கு எட்டடி என்று வரைவார்கள், அது 1:96. அதை 1:100 அளவுகோல் வைத்து அளந்து யாரோ மறுபடி வரைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதே போல 1.41 மடங்கு வித்தியாசம் வந்தால் ஏ3 தாளை ஏ4-இல் சுருக்கி அச்சிட்டிருக்கிறார்கள்.

அலகுத் தப்பு என்றால் வித்தியாசம் கீழே உள்ள எண்களில் ஒன்றாக இருக்கும். இதை மேசையில் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது:

- 1000 மடங்கு: மீட்டரும் மில்லிமீட்டரும்
- 304.8: அடியும் மில்லிமீட்டரும்
- 39.37: மீட்டரும் அங்குலமும்
- 25.4: அங்குலமும் மில்லிமீட்டரும்
- 12: அடியும் அங்குலமும்
- 4.97: மீட்டரும் பழைய சர்வே சங்கிலியின் ஒரு கண்ணியான லிங்க்கும்
- 3.28: மீட்டரும் அடியும்

## எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலானோர் பார்ப்பது நேரம் மட்டும்தான், எது சீக்கிரம் முடியும் என்று. நான் முதலில் வைப்பது வேறு: படம் திரும்ப நிலத்துக்குப் போக முடியுமா? ஆர்க்கிடெக்ட் வீட்டை வைத்த பிறகு, அந்தத் தூண்களின் புள்ளிகளை சர்வேயர் தன் கருவியில் ஏற்றி அதே மண்ணில் முளைக்குச்சி அடிக்க வேண்டும். போகும் வழியில் அவருடைய ஆயத்தொலைவுகள் கெட்டுப்போயிருந்தால் எவ்வளவு அழகான படமும் காகிதத்தோடு நின்றுவிடும்.

அதற்கு அடுத்தது, திருத்தம் வந்தால் என்ன ஆகும் என்பது. பக்கத்து மனைக்காரர் ஒரு கல்லைப் பற்றித் தகராறு சொல்லி மறு அளவை வந்தால் மொத்த வேலையையும் மறுபடி செய்யணுமா? மூன்றாவது, தப்பு நடந்தால் அது கண்ணில் படுமா, இல்லை வானம் தோண்டும் நாள் வரை ஒளிந்திருக்குமா. துல்லியமும் நேரமும் இவற்றுக்குப் பின்னால்தான், ஏனென்றால் ஒழுங்காகச் செய்தால் எல்லா வழியிலும் துல்லியம் கிடைக்கும், மூன்றாவது வழியைத் தவிர.

## வழி 1: நேரடியாகப் பெருக்கிவிடுவது

சர்வே படம் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஸ்கேல் கட்டளை கொடுத்து ஒரு எண்ணால் பெருக்குவது. மீட்டரிலிருந்து மில்லிமீட்டருக்கு 1000. ஆட்டோகேட்டில் ஆர்க்கிடெக்சுரல் என்று அலகு வைத்திருந்தால் உள்ளே ஒரு யூனிட் என்பது ஒரு அங்குலம், அதனால் மீட்டரிலிருந்து அதற்குப் போக 39.37. அடியைத் தசமத்தில் வைத்து வரைபவர் என்றால் 3.28084.

இங்கேதான் கை வழுக்கும். பள்ளியில் படித்த 3.28 நாக்கில் இருப்பதால் அதையே அடித்துவிடுவோம். 20 மீட்டர் மனையில் அதனால் வரும் பிசகு 5 மில்லிமீட்டர், யாருக்கும் தெரியாது. 600 மீட்டர் நீளமுள்ள இறால் பண்ணையில் அதே 3.28 உங்களிடமிருந்து 15 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும். இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள், இதை நான் ஒவ்வொரு புதுப் பையனுக்கும் போட்டுக் காட்டுகிறேன். கீழக்கரையில் யுடிஎம் (பூமியைத் தட்டையான கட்டமாக்கி இடத்தை மீட்டரில் சொல்லும் முறை) ஆயத்தொலைவு வடக்கில் சுமார் 10 லட்சத்து 21 ஆயிரம் மீட்டர், கிழக்கில் சுமார் 2 லட்சத்து 56 ஆயிரம். படத்தை 0,0-ஐ அடிப்புள்ளியாக வைத்து 3.28-ஆல் பெருக்குகிறீர்கள். வீடு வரைந்து முடித்து சர்வேயரிடம் கொடுக்கிறீர்கள், அவர் மீட்டருக்கு மாற்ற சரியான 0.3048-ஆல் பெருக்குகிறார். 3.28 × 0.3048 என்பது 0.999744. மனை தெற்கே 261 மீட்டரும் மேற்கே 65 மீட்டரும் நகர்ந்திருக்கும். கீழக்கரையில் தெற்கே கடல். வீட்டின் நீள அகலத்தில் ஒரு அங்குலம்கூடத் தப்புத் தெரியாது, அதனால் கருவியில் ஏற்றும் வரை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இதற்கு மருந்து மிக எளிது. தசம எண்ணை அடிக்காமல் பின்னமாக அடியுங்கள். ஒரு அடி என்பது சரியாக 0.3048 மீட்டர், எனவே மீட்டரிலிருந்து அடிக்கு 1250/381, அடியிலிருந்து மீட்டருக்கு 381/1250, மீட்டரிலிருந்து அங்குலத்துக்கு 5000/127. ஆட்டோகேட் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளும், எங்கும் சில்லறை உதிராது. போகும்போது 1250/381, வரும்போது 381/1250 என்றால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு சிலவும் உண்டு. கையால் அடித்த எழுத்து பெருக்கலில் மாறாது. சர்வேயர் பக்க நீளத்தை "12.40" என்று வெறும் எழுத்தாக எழுதியிருந்தால், கோடு அடிக்கு மாறிவிடும், எழுத்து மீட்டரிலேயே நிற்கும், அதைப் பார்க்கும் மேஸ்திரி பன்னிரண்டே கால் அடி சொச்சம் என்று நூல் கட்டுவார். அப்புறம் மறு அளவை வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மூன்றாவது திருத்தத்தில் எந்த ஃபைல் பெருக்கியது, எது பெருக்காதது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

ஐந்து சென்ட், பத்து சென்ட் மனை, ஒரே ஒரு வீடு, நான்கு கல்லும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, மார்க்கிங்கை, அதாவது தரையில் வீட்டின் கோடுகளை, டேப்பும் மூலைமட்டமும் வைத்துத்தான் போடப் போகிறார்கள் என்றால், இந்த வழி போதும். அதற்கு மேல் வேண்டாம்.

## வழி 2: அலகை அறிவித்து எக்ஸ்ரெஃபாக இணைப்பது

எனக்குப் பிடித்த வழி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சர்வே ஃபைலைத் தொடுவதே இல்லை. ஆர்க்கிடெக்ட் படத்துக்குள் அதை வெளிக்கோப்பாக, எக்ஸ்ரெஃபாக, இணைக்கிறோம். இரண்டு ஃபைலும் தன் அலகு என்ன என்று சரியாகச் சொல்லியிருந்தால் பெருக்கலை ஆட்டோகேட்டே செய்துகொள்ளும். அந்த அறிவிப்பு இன்ஸ்யூனிட்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது: 1 என்றால் அங்குலம், 2 அடி, 4 மில்லிமீட்டர், 6 மீட்டர், 0 என்றால் எதுவும் சொல்லவில்லை.

சிக்கல் அந்த அறிவிப்பில்தான். சர்வேயர் மீட்டரில்தான் வரைந்திருப்பார், ஆனால் ஃபைலைத் திறக்கும்போது அமெரிக்க டெம்பிளேட்டில் திறந்திருப்பார், அதில் இன்ஸ்யூனிட்ஸ் 1. கோடுகள் மீட்டர், அறிவிப்பு அங்குலம். மில்லிமீட்டரில் வரையும் ஆர்க்கிடெக்ட் இதை இணைத்தால் 1000-க்குப் பதில் 25.4-ஆல் பெருக்கப்பட்டு, 18.288 மீட்டர் பக்கம் 464.5 மில்லிமீட்டராக, ஒரு ஜன்னல் பலகை அளவில் வந்து நிற்கும். இந்தத் தப்பின் நல்ல குணம், அது உடனே கண்ணில் படும். சர்வே ஃபைலின் ஒரு நகலைத் திறந்து, யூனிட்ஸ் பெட்டியில் செருகும் அலகை மீட்டர் என்று மாற்றிச் சேமியுங்கள். அதனால் கோடுகள் எதுவும் அசையாது, அறிவிப்பு மட்டும் மாறும். சர்வேயருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அடுத்த முறை அவரே சரியாக அனுப்புவார்.

அடி என்று தேர்ந்தெடுக்கும்போது பட்டியலில் இரண்டு அடி இருக்கும், சாதாரண அடியும் அமெரிக்க சர்வே அடியும். அமெரிக்க சர்வே அடியை அந்த நாட்டிலேயே 2022 முடிவோடு கைவிட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான், மனையின் நீளத்தில் தெரியவே தெரியாது, ஆனால் நம் யுடிஎம் எண்களில் அது வடக்கு தெற்காக 2 மீட்டர். சர்வே என்ற பெயரைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

இன்னொரு தொல்லை, தூரம். மில்லிமீட்டர் படத்தில் யுடிஎம் எண்ணை அப்படியே கொண்டுவந்தால் 102 கோடி என்று பத்து இலக்கம் வரும், ஹேட்ச் (கோடு போட்டு நிரப்பிய பகுதி) கிழிந்து தெரியும், வளைவுகள் நடுங்கும். ரெவிட் என்ற இன்னொரு வரைபட மென்பொருள் இன்னும் மோசம், 20 மைலுக்கு மேல் விரிந்த படத்தை அது ஒழுங்காகவே கையாளாது. அதனால் எக்ஸ்ரெஃபை ஒரு முழு எண்ணால் நகர்த்தி வையுங்கள், கீழக்கரை என்றால் கிழக்கில் 2,56,000, வடக்கில் 10,21,000 மீட்டர் கழித்தது என்று. அந்த எண்ணைப் படத்தின் ஓரத்தில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் இந்த வழியின் பலன் முழுவதும் போய்விடும், திரும்பிப் போகும் பாதை அதுதான். வீட்டை நேராகப் பார்க்க வேண்டும் என்பதற்காக சர்வேயைச் சுழற்றாதீர்கள், பார்வையை மட்டும் சுழற்றுங்கள்.

சிலர் எக்ஸ்ரெஃப் சரியாக வந்த பிறகும் ஒரு குறை சொல்வார்கள்: சைட்டில் டோட்டல் ஸ்டேஷனில் (தூரமும் கோணமும் அளக்கும் கருவி) 100.00 மீட்டர் வந்தது படத்தில் 100.03 இருக்கிறது என்று. அது அலகுத் தப்பு கிடையாது. யுடிஎம் என்பது உருண்டையான பூமியைத் தட்டையாக்கிய கட்டம், நம் மாவட்டம் 44-ஆம் மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. கீழக்கரை, ராமநாதபுரம் பக்கம் ஒரு கிலோமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் சொச்சம் கூடுதலாகக் காட்டும். பாம்பனைத் தாண்டி ராமேசுவரம் தீவுக்குப் போனால் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது, ஏனென்றால் கட்டமும் நிலமும் ஒன்றாகும் கோடு அந்தத் தீவை ஒட்டித்தான் போகிறது. ஒரு வீட்டுக்கு இதை விட்டுவிடலாம். பெரிய லேஅவுட்டுக்கு சர்வேயரிடம் "கட்ட அளவா, நில அளவா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த 3 சென்டிமீட்டரைச் சரி செய்கிறேன் என்று நீங்களே படத்தைச் சுருக்க வேண்டாம்.

மறு அளவை வந்தால் பழைய ஃபைலின் பெயரிலேயே புதியதை வைத்தால் போதும், வீடு அசையாமல் எல்லை மட்டும் மாறித் தெரியும். தேவிபட்டினம் பக்கம் ஒரு பண்ணை வேலையில் மூன்று முறை எல்லை மாறியது. மூன்று முறையும் எனக்கு ஆன நேரம் ஃபைலை நகலெடுக்கும் நேரம்தான்.

## வழி 3: தெரிந்த ஒரு நீளத்துக்குப் பொருத்துவது

கையில் சர்வே ஃபைலே இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த புலப்படம் (நில அளவைத் துறையின் சர்வே எண் வரைபடம்), இல்லையென்றால் பத்திர நகலின் பின்னால் இருக்கும் மனைப் படம். அதைப் படமாக உள்ளே போட்டு, ஸ்கேல் கட்டளையில் ரெஃபரன்ஸ் என்று கொடுத்தோ அலைன் கொடுத்தோ, இரண்டு கல்லுக்கு இடையே தெரிந்த நீளத்துக்கு இழுத்துப் பொருத்துவது. அலகு என்ன என்றே தெரிய வேண்டியதில்லை என்பதுதான் இதன் கவர்ச்சி.

எல்லாச் சுமையும் அந்த ஒரு நீளத்தின் மேல் விழுகிறது என்பது இதன் ஆபத்து. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். உச்சிப்புளிப் பக்கம் ஒரு மனை, பத்திரத்தில் வடபுறம் கிழமேல் ஜாதியடி 40.10 என்று இருந்தது. நான் 40.10 என்று அடித்தேன், கம்ப்யூட்டருக்கு அது 40.1 அடி. எழுதியவர் சொன்னது 40 அடி 10 அங்குலம். தசமத்தில் அது 40.83. ஏறக்குறைய 9 அங்குலம் அங்கேயே போனது, அதோடு அந்த ஒரு நீளத்தை வைத்து மொத்தப் படத்தையும் பொருத்தியதால் 70 அடித் தென்வடல் பக்கமும் 68 அடி 9 அங்குலமாகச் சுருங்கிவிட்டது. மார்க்கிங் அன்று காலை ஆறரை மணிக்கு மேஸ்திரி நூல் கட்டிக்கொண்டு போகிறார், கிழக்கு எல்லையில் நூல் முடிந்த இடத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ஒன்றேகால் அடி வெறும் மணல். "தம்பி, கல்லு இங்கன நிக்குது, உங்க படத்துல அங்கன நிக்குதே" என்றார். கல்லை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று அவரிடம் வாதாடி ஒரு மணி நேரம் வீணாக்கினேன். தப்பு என் மேல். அன்றிலிருந்து பத்திரத்தில் புள்ளி வைத்த அடி அளவு எதைப் பார்த்தாலும், 40.6, 22.11 எதுவாக இருந்தாலும், முதலில் அங்குலமாகத்தான் படிக்கிறேன். புள்ளிக்குப் பின்னால் 11-க்கு மேல் வந்தால் மட்டுமே தசமமாக இருக்கலாம் என்று யோசிக்கிறேன்.

பழைய புலப்படம் என்றால் அளவு லிங்க்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலிக்கு 100 லிங்க், ஒரு லிங்க் 0.201168 மீட்டர். இதை 0.2 என்று சுருக்காதீர்கள், 20 மீட்டர் மெட்ரிக் சங்கிலியின் லிங்க்தான் 0.2. இரண்டும் ஒன்றென்று நினைத்தால் 100 மீட்டருக்கு 58 சென்டிமீட்டர் போய்விடும். லிங்க் அளவில் ஒரு வசதியும் உண்டு: ஆயிரம் சதுர லிங்க் சரியாக ஒரு சென்ட்.

இணையத்தில் இறக்கும் புலப்படத்தின் மேல் ஒரு விகிதம் அச்சிட்டிருக்கும், அதை நம்பி அளக்க வேண்டாம். தாளுக்குப் பொருத்தி அச்சிடு என்று யாரோ கொடுத்திருந்தால் அது பொய்யாகிவிடும். கோட்டின் மேல் எழுதியிருக்கும் மீட்டர் எண்களை எடுங்கள், மிக நீளமான கோட்டைப் பொருத்துங்கள், அப்புறம் அதற்குக் குறுக்கே போகும் இன்னொரு கோட்டையும் அளந்து பாருங்கள். போனில் எடுத்த படம் என்றால் நீளமும் அகலமும் ஒரே அளவில் சுருங்கியிருக்காது.

இவ்வளவு செய்தாலும் 1:2000 படத்தில் அரை மில்லிமீட்டர் கோடு நிலத்தில் ஒரு மீட்டர். கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடம் 1:4000, அங்கே அதே கோடு இரண்டு மீட்டர். உயர் அலைக் கோட்டுக்கு (கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் வரும் எல்லை) 50 மீட்டர், 200 மீட்டர் என்று தூரம் பார்க்கும் இடத்தில், ஸ்கேன் செய்த வரைபடத்தின் மேல் வீட்டை வைத்து "மீட்டர் கணக்கில் தள்ளித்தான் இருக்கிறது" என்று முடிவெடுப்பது மிகவும் ஆபத்து. இந்த வழியை மனை வாங்கலாமா, எத்தனை அறை கொள்ளும் என்று பார்க்கும் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதை வைத்து மார்க்கிங் போடக் கூடாது.

## வழி 4: சர்வேயரிடமே திருப்பிக் கேட்பது

பலருக்குத் தோன்றவே தோன்றாத வழி. படத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லும்போது, படத்தைவிட முக்கியமாகப் புள்ளிப் பட்டியலைக் கேளுங்கள்: புள்ளி எண், கிழக்கு, வடக்கு, மட்டம், அது என்ன (கல், பனை, கிணறு, மின்கம்பம்). கருவியிலிருந்து வரும் அந்தப் பட்டியலுக்கு யாருடைய டெம்பிளேட்டும் ஒட்டவில்லை, அலகு பற்றிய சந்தேகம் எல்லாம் அதோடு தீர்ந்துவிடும்.

செலவு என்று பார்த்தால் காத்திருப்பு. சர்வேயர் வாலிநோக்கத்தில் வேறு வேலையில் இருப்பார், இரண்டு நாள் ஆகும். சிலர் அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள், அதனால் வேலை பேசும்போதே பட்டியலும் சேர்த்து என்று சொல்லிவிடுங்கள். அவரையே அடியில் மாற்றிக் கொடுக்கச் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அவர் எந்த எண்ணால் பெருக்கினார் என்று உங்களுக்குத் தெரியாது, மூல மீட்டர் ஃபைலும் உங்கள் கையில் இருக்காது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பெருக்குவது | எக்ஸ்ரெஃப் | தெரிந்த நீளம் | திருப்பிக் கேட்பது |
|---|---|---|---|---|
| நிலத்துக்குத் திரும்புமா | பின்னத்தில் பெருக்கினால் மட்டும் | திரும்பும், நகர்த்திய எண் எழுதியிருந்தால் | திரும்பாது | திரும்பும் |
| மறு அளவை வந்தால் | முழுதும் மறுபடி | ஃபைலை மாற்றினால் போதும் | முழுதும் மறுபடி | புதுப் பட்டியல் ஏற்ற வேண்டும் |
| தப்பு தெரியுமா | பெரும்பாலும் தெரியாது | உடனே தெரியும் | மார்க்கிங் அன்றுதான் | உடனே தெரியும் |
| ஆகும் நேரம் | 5 நிமிடம் | முதல் முறை அரை மணி | கால் மணி | ஒன்றிரண்டு நாள் |
| எதற்கு | சின்ன மனை, ஒரு வீடு | லேஅவுட், பண்ணை, கடலோர மனை | வாங்கும் முன் பார்க்க | அலகு சந்தேகம் வரும் எல்லா இடத்திலும் |

என்னிடம் கேட்ட இருவரில் ஒருவருக்கு தங்கச்சிமடத்தில் ஆறு சென்ட் வீட்டு மனை. பெருக்கிவிடுங்கள், 5000/127 போட்டு, என்றேன். இன்னொருவருக்கு பெரியபட்டினத்தில் கடலை ஒட்டிய பனந்தோப்பு, நான்கு கட்டடம், உயர் அலைக் கோடு தனி ஃபைலாக வரப்போகிறது. அங்கே யோசிக்கவே இல்லை, நான்காவது வழியில் பட்டியலை வாங்கி, இரண்டாவது வழியில் இணைக்கச் சொன்னேன். சர்வே, உயர் அலைக் கோடு, வீடு மூன்றும் தனித்தனி ஃபைல், ஒவ்வொன்றும் தன் அலகில்.

## எந்த வழியில் போனாலும்

ஒரு மூலைவிட்டத்தை டேப்பில் அளந்து படத்தோடு ஒப்பிடுங்கள். பக்கங்களை அளப்பது போதாது, நான்கு பக்கமும் சரியாக இருந்தும் மனை சாய்ந்திருக்கலாம்.

அடுத்து பரப்பு. இதைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நீளத்தில் வரும் தப்பு பரப்பில் இரண்டு மடங்காகத் தெரியும். பட்டாவில் இருக்கும் ஏரை 100-ஆல் பெருக்கினால் சதுர மீட்டர், 2.47-ஆல் பெருக்கினால் சென்ட். அந்த உச்சிப்புளி மனைக்குப் பட்டாவில் 2.65 ஏர், அதாவது 265 சதுர மீட்டர். என் படத்தில் இருந்தது 256. முந்தின நாள் இரவு அந்த ஒரு எண்ணைப் பார்த்திருந்தால் மேஸ்திரியையும் நான்கு ஆட்களையும் வெயிலில் நிறுத்தியிருக்க மாட்டேன்.

கடைசியாக மட்டம், இதை நான்கு வழியில் எதுவுமே தீர்க்காது. தரைமட்டம் கடலைவிட ஒன்றிரண்டு மீட்டர்தான் மேலே இருக்கும் ஊர்களில் பேஸ்மென்ட் உயரம் எவ்வளவு என்பது பெரிய கேள்வி, அங்கே ஃபைலில் மட்டம் -93 என்று வந்தால் பயந்துபோய் அலகைத் தோண்ட ஆரம்பிப்பார்கள். ஜிபிஎஸ் கொடுக்கும் வெறும் உயரம் கடல்மட்டத்திலிருந்து எடுத்தது கிடையாது. பூமியின் கணித வடிவத்திலிருந்து எடுத்தது, நம் பகுதியில் கடல்மட்டமே அந்த வடிவத்துக்கு 90 மீட்டருக்கும் அதிகமாகக் கீழே இருக்கிறது. இன்னொரு சர்வேயர் தற்காலிக பெஞ்ச் மார்க்கை (மட்டம் பார்க்கக் குறித்துவைத்த புள்ளி) 100.000 என்று வைத்துக்கொண்டு வேலை செய்திருப்பார், அதுவும் சரிதான். இரண்டு ஃபைலையும் கலக்கும் முன் மட்டம் எதிலிருந்து என்று கேட்டு எழுதி வாங்குங்கள், அந்த பெஞ்ச் மார்க் இருக்கும் இடத்தையும் ஒரு போட்டோ கேளுங்கள். கல்வெர்ட் மூலையில் சிவப்பு பெயிண்ட் அடித்த இடம், பக்கத்தில் டேப்பை வைத்து எடுத்தது, அது போதும்.